வடிதாளைத் தாண்டி வந்த தண்ணீர்

கலந்து கிடப்பதைப் பிரித்துக் காட்டுவதுதான் ஆறாம் வகுப்பு அறிவியல் டீச்சரின் பிழைப்பு. நாற்பது பிள்ளைகள், நாலு புனல், ஒரே பீரியட். இந்தப் பாடத்தை நடத்தி அவதிப்பட்ட சக டீச்சர்களே, உங்களிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வேன்?

காந்தம்

மணலையும் இரும்புத்தூளையும் பிரிக்கும் சோதனை. வீட்டிலிருந்து வெறும் மண் கொண்டுவரச் சொல்லியிருந்தேன். தூளை நான் கலப்பதாக ஏற்பாடு. தொழிற்சாலைகள் நிறைந்த திருவொற்றியூரிலிருந்து வரும் ஜெனிபரின் பொட்டலத்தில், நான் தூளைத் தொடும் முன்பே காந்தத்துக்குக் கறுப்பாக மீசை முளைத்துவிட்டது. அவசரக்குடுக்கை, என் டப்பாவைத் திறந்துவிட்டாள் என்று திட்டினேன். அவள் பதறவே இல்லை.

"நான் ஒண்ணும் கலக்கல மிஸ். எங்க வூட்டு மாடில பெருக்குனா இப்டித்தான் வருது."

வடிதாள்

சேற்றுத் தண்ணீரை வடிதாளில் ஊற்றினேன். கீழே தெளிவாகச் சொட்டியது. பீக்கரைத் தூக்கிப் பிடித்து, "பாத்தீங்களா, சுத்தமான தண்ணி!" என்றேன். பிள்ளைகள் கைதட்டினார்கள். அந்தப் பெருமையை நினைத்தால் இன்றும் கூசுகிறது. மணி அடித்தது. அடுத்த வகுப்பு வாசலில் நின்றது. புனல்களைக் கழுவிக்கொண்டே, ஜெனிபர் கேட்ட கேள்விக்கு ஆமாம் என்று தலையாட்டிவிட்டேன். அவள் கேட்டது இதுதான்:

"எங்க பம்பு தண்ணி கலீஜா கீது மிஸ். இதுல வடிச்சா தம்பி குடிக்கலாமா?"

காணாமல் போன தாள்கள்

மறு வாரம் வடிதாள் பாக்கெட் பாதியாகியிருந்தது. பைகளைச் சோதித்தேன். ஜெனிபரின் ஜியாமெட்ரி பாக்ஸில் கூம்பாக மடித்த நாலு தாள்கள்; ஒன்று பழுப்பேறியிருந்தது. திருடி என்றே சொல்லிவிட்டேன். அம்மாவைக் கூட்டி வா என்றேன்.

அவர் ஆஸ்பத்திரியிலிருந்து நேராக வந்தார். மூன்று நாளாகத் தண்ணி லாரி வரவில்லையாம். ஒன்றரை வயதுப் பையனுக்கு, மகள் வடித்த பம்பு தண்ணீரைக் கொடுத்திருக்கிறார். வயிற்றுப்போக்கு, டிரிப்ஸ் ஏறிக்கொண்டிருந்தது. அவர் சண்டை போட்டிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

"எப்பவும் காய்ச்சித்தான் குடுப்பேன் மிஸ். நீங்களே சொன்னீங்கன்னு பாப்பா சொல்லிச்சு, அதான் காய்ச்சாம குட்த்துட்டேன்."

பீங்கான் கிண்ணம்

நாலாம் நாள் பையன் வீடு திரும்பினான். அதன் பிறகுதான் எனக்கு மூச்சே வந்தது. ஜெனிபரை லேபுக்கு அழைத்து மன்னிப்புக் கேட்டேன். அவள் வீட்டுத் தண்ணீரை வடித்து, பீங்கான் கிண்ணத்தில் ஊற்றி, வற்றும்வரை காய்ச்சினோம். தெளிந்திருந்த தண்ணீர் அடியில் பழுப்பு வளையமாக நின்றது. "தாளைத் தாண்டி வந்தது இவ்வளவு. கிருமி இதிலும் கண்ணுக்குத் தெரியாது" என்றேன். அவள் கிண்ணத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"இத அன்னிக்கே காட்டியிருக்கலாம்ல மிஸ்."

மணி அடித்த பிறகு வரும் கேள்விக்கு நான் இப்போதெல்லாம் தலையாட்டுவதில்லை; அடுத்த வகுப்பு வாசலில் நின்றால் நிற்கட்டும்.