கழுத்தில் தொங்கும் அட்டை

வட்டக்கானல் வளைவில் மூடுபனி இன்னும் விலகவில்லை. டீக்கடை முன்னால் நிற்கும் ஜீப்பில் வெள்ளைக்கார இளைஞர்கள் நான்கு பேர். கசங்கிய சட்டை, சேறு படிந்த செருப்பு. கழுத்தில் மட்டும் புத்தம்புதிய கல்லூரி அடையாள அட்டை. ஒருவனுடையதில் ‘எம்.எஸ்சி. பாட்டனி, இரண்டாம் ஆண்டு’ என்று இருக்கிறது. எனக்கு எதையும் லேசில் நம்பும் பழக்கம் இல்லை. எந்தக் கல்லூரி என்று கேட்கிறேன். அட்டையைத் தூக்கிப் பார்த்துப் படித்துத்தான் சொல்கிறான்.

ஜீப் டிரைவர் டீயைக் குடித்தபடி என்னையே பார்க்கிறார்.

“சார் பேப்பர்காரங்களா?”

“இல்லைங்க, சும்மா ஊர் பாக்க வந்தேன்.”

அதன் பிறகுதான் குரல் இறங்குகிறது. “காலேஜுக்கு ரேங்க் போட இன்னைக்கு ஆளுக வர்றாங்க. வெளிநாட்டுப் பிள்ளைக படிச்சா மார்க் கூடுமாம். ரெண்டு மணி நேரம் கிளாஸ்ல உக்காந்தா இவங்களுக்கு மத்தியானச் சாப்பாடு, சுத்திப்பாக்க என் வண்டி.”

“அங்க நெசமாவே படிக்கிற பிள்ளைங்க?”

காலி டம்ளரைப் பலகையில் வைக்கிறார்.

“எம் மகளும் அங்கதான் பாட்டனி ரெண்டாவது வருசம் படிக்குது. வெள்ளனே போன் பண்ணி லீவுன்னுட்டாங்க. பெஞ்சு பத்தாதாம்.”