எக்ஸ்ரே காந்திமதி

அம்மா எதையும் ஓரத்தில்தான் பிடிப்பாள். ரேஷன் கார்டு, கல்யாணப் போட்டோ, தபாலில் வந்த என் மார்க் ஷீட், எதுவானாலும் இரண்டு விரல் நுனிதான். யாராவது நடுவில் கை வைத்தால் முறைப்பாள். "ரேகை விழுந்தா போகாதுல்லா. ஓரத்தப் பிடி."

திருநெல்வேலிக்காரி. நெய்வேலியில் இருபத்தாறு ஆண்டுகள் எக்ஸ்ரே எடுத்தாள். படம் கழுவும் மருந்தில் ஊறி வலக்கை நகங்கள் பழுத்திருந்தன. எங்கள் பிளாக்கில் மட்டும் மூன்று காந்திமதிகள். அதனால் இவள் எக்ஸ்ரே காந்திமதி. இறந்து இருபது நாள் ஆகிறது.

பதினாறாம் நாள் காரியத்துக்குப் பெரியநாயகி வந்திருந்தார். சேத்தியாத்தோப்புப் பக்கம். கையில் பழைய எக்ஸ்ரே உறை. அவர் சொல்லித்தான் 1981-இல் நடந்தது எனக்குத் தெரியும்.

மாதந்தோறும் தூரமாகும் நாட்களில் அவருக்கு மலம் கழிக்க முடியாத வலி. ஆசனவாய் வழியே பேரியக் கரைசல் ஏற்றிக் குடலை இரண்டு முறை படமெடுத்தார்கள். இரண்டும் சுத்தம்.

"ஒண்ணுமில்லன்னு படமே சொல்லுதுங்க. இது மாசாமாசம் வவுத்த புடிச்சிகினு குந்திக்குது. அவங்கம்மா வூட்டுலயே வுட்டுடலாம்னு இருக்கேன்" என்று அம்மாவிடம் சொன்னாராம் கணவர் சிங்காரவேலு, சுரங்கத் தொழிலாளி.

"நடிக்கலிங்கம்மா" என்று மட்டும் சொல்லியிருக்கிறார் பெரியநாயகி.

அம்மா பதிவேட்டைப் புரட்டினாள். இரண்டு படமும் அவளே எடுத்தவை. இரண்டும் கணவரின் வார விடுப்பில், வலி இல்லாத நாட்களில். தூரமான பெண்ணை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிவரும் வழக்கம் அந்த வீட்டில் இல்லை.

"நாள் கேக்காம எடுத்தது என் தப்பு. தூரமான அன்னைக்கே கூட்டிட்டு வாங்க."

"அன்னிக்கு எனக்கு ஃபர்ஸ்ட் ஷிஃப்டா இருந்தா?"

"உங்க ஷிஃப்டப் பாத்தா அவளுக்கு வலி வருது?"

டாக்டரிடம் மீண்டும் எழுதி வாங்கினாள். அடுத்த மாதம் தூரமான இரண்டாம் நாளே வந்தார்கள்.

"மேசையெல்லாம் தீட்டாயிடும்ங்கம்மா."

"அது இரும்பு, அதுக்கு ஏது தீட்டு? மூச்சப் பிடிச்சுக்கோ."

பக்கவாட்டில் படுக்கவைத்து ஒரு படம் கூடுதலாக எடுத்தாள்.

சென்னையில் ஆபரேஷன் செய்தபோதுதான் நோய்க்குப் பெயர் கிடைத்தது: எண்டோமெட்ரியோசிஸ். கருப்பையின் உட்படலம் போன்ற திசு குடலில் ஒட்டி மாதாமாதம் வீங்கியிருக்கிறது. அதன்பின் அடிவயிற்றுப் படத்துக்கு வந்த எந்தப் பெண்ணையும் அம்மா நாள் கேட்காமல் மேசையில் ஏற்றியதில்லை. நான் அனல்மின் நிலையத்தில் கொதிகலன் குழாய்களின் வெல்டிங் இணைப்புகளை எக்ஸ்ரே எடுக்கிறேன். குழாய்க்கு எல்லா நாளும் ஒன்றுதான். அவள் வேலை கடினம்.

பெரியநாயகி உறையிலிருந்து படத்தை எடுத்துத் தந்தார். ஓரத்தைப் பிடித்து ஜன்னலில் பார்த்தேன். குடலின் முன்சுவர் ஓரிடத்தில் ரம்பப்பல்லாகச் சுருங்கியிருந்தது. அதன்மேல் தெளிவாக ஒரு விரல் ரேகை. அம்மா எடுத்த படத்தில் ரேகையா?

"எங்க வூட்டுக்காரர்துங்க" என்றார் பெரியநாயகி.

அன்று அம்மா படம் காயும்வரை காத்திருக்கவில்லை. சொட்டச் சொட்ட வெளியே கொண்டுவந்து விளக்குப் பெட்டியில் மாட்டியிருக்கிறாள். சிங்காரவேலு வெகுநேரம் பார்த்துவிட்டு, "எங்கங்க இருக்குது?" என்றாராம். அம்மா அவருடைய ஆள்காட்டி விரலைப் பிடித்தாள். ஈரப் படத்தின் நடுவில், அந்த இடத்தில், அழுத்தி வைத்தாள்.