கடைவீதியில் வாங்கிய வாளி

கூட்டம் தாங்காமல் இன்று காரைக்குடி கடைவீதிக்குள் வண்டிகளை விடவில்லை. எல்லோரும் நடைதான். நடந்தால் கண் சும்மா இருக்குமா?

ஒரு வீட்டு முகப்பில் பித்தளையும் மங்கு என்கிற எனாமல் சாமானுமாகப் பரப்பியிருந்தது. புதுக்கடை என்று நினைத்து, என் மனைவி உள்ளே போய் ஒரு வாளியைத் தூக்கினாள்.

“ஆச்சி, இது என்ன வெல?”

அங்கே உட்கார்ந்திருந்த ஆச்சி ஒரு நொடிதான் திகைத்தார்.

“நீங்க என்ன தருவீக?”

அப்போதுதான் வாசலில் கட்டிய வாழைமரங்களைப் பார்த்தேன். கல்யாண வீடு! பரப்பியிருந்தது பெண்ணுக்கு வைத்த சீர். ஆச்சி, மாப்பிள்ளையின் தாயார் என்று பக்கத்தில் நின்றவர் சொன்னார்.

“இது கடையில்ல, வா” என்று மனைவியின் காதில் சொன்னேன்.

ஆச்சிக்குக் கேட்டுவிட்டது. “நீங்க செத்த சும்மா இருங்க. யாவாரம் பேசிக்கிட்டிருக்கமுல்ல?”

பேரம் படிவதற்குள் பாதி வீதி உள்ளே வந்துவிட்டது. ஆளுக்கொரு சாமானைத் தூக்கி விலை கேட்டார்கள். பெண்ணின் தகப்பனார் பதறி ஓடிவந்தார்.

“ஆச்சி, எம் மகளுக்கு வச்ச சாமான்!”

“இம்புட்டையும் யாரு பொழங்குறது?” என்றார் ஆச்சி, அடுத்த வாளியை எடுத்து நீட்டியபடி.

கூட்டத்தில் ஒருவர், “மாப்பிள்ளை என்ன வெல?” என்றார்.

“அதை நான் போன மாசமே வாங்கியாச்சு” என்றார் தகப்பனார்.

நாளை முகூர்த்தம். எங்களையும் அழைத்திருக்கிறார்கள். பரிசாக, நாங்கள் விலை கொடுத்து வாங்கிவந்த அந்த வாளியையே கொண்டுபோகலாமா? சொல்லுங்கள்.