அணைந்து அணைந்து எரிந்த திரை

பிள்ளைகளா, நீங்கள் படம் பார்க்கிற இந்தப் பழைய லேப்டாப் ஒரு காலண்டர் சீசனில் என்னைத் திருதிருவென முழிக்க வைத்த கதையை உங்களுக்குச் சொன்னதில்லை.

அப்போது நான் சிவகாசி அச்சகம் ஒன்றுக்குக் காலண்டர் ஆர்டர் பிடித்துக்கொண்டிருந்தேன். திருத்தங்கல் வீட்டில் லேப்டாப் ஒழுங்காக ஓடும். கடைக்காரர்கள் முன்னால் வைத்தால்தான் திரை கறுத்துவிடும். ரிப்பேர் கடையில் பழுதே இல்லை என்றார்கள்.

விருதுநகரில் ஒரு பருப்பு மண்டி முதலாளி, டிசைனைப் பார்த்து அன்றைக்கே முடிவு சொல்வதாக இருந்தார். பிடிக்காவிட்டால் ஆர்டர் வேறு அச்சகத்துக்குப் போய்விடும். வழக்கம்போல மாதிரிக் காலண்டர்களை லேப்டாப்பின் கீபோர்டுக்குப் பக்கத்தில் அடுக்கிக்கொண்டு அம்மன் படத்தைக் காட்டினேன். திரை அணைந்தது.

“என்ன அண்ணாச்சி, அம்மனுக்கு எங்க மண்டி பிடிக்கலையோ?”

“சார்ஜ் இருக்குங்க முதலாளி. ஏன்னுதான் தெரியல.”

மாதிரிகளை எடுத்துவிட்டு, பேட்டரியைக் கழற்றி மாட்டினேன். படம் வந்தது. மாதிரிகளை மறுபடி வைத்து விலை பேசினேன். மறுபடி இருட்டு.

“சரி, இதையாவது பாப்போம்” என்று அவர் அந்த அடுக்கிலிருந்து, பீரோவில் ஒட்டுகிற காந்தக் காலண்டரை எடுத்தார். திரை எரிந்தது. திரும்ப வைத்தார், அணைந்தது.

“உங்க சரக்கே உங்க மிஷினைக் கெடுக்குது. இதப் பாக்காம எங்கெங்க அலைஞ்சீக?” என்று சிரித்தபடி அம்மன் படத்துக்கே சம்மதம் சொன்னார்.

காந்தத்துக்கும் திரைக்கும் என்ன பேச்சு என்று அன்றைக்கு எனக்குப் புரியவில்லை; மூடியில் இருக்கிற காந்தம் கீபோர்டு பக்கம் வந்தால், லேப்டாப்பை மூடிவிட்டதாக எண்ணித் திரை அணையும் என்பது பின்னால்தான் தெரிந்தது. பஸ் ஸ்டாண்டில் தனியாக உட்கார்ந்து, காந்தக் காலண்டரை மட்டும் பிரித்தெடுத்துச் சாப்பாட்டுப் பைக்குள் போட்டுக்கொண்டேன்.