அலிபாகில் விட்டுவந்த சூரியன்

இன்று காலை மகள் கேட்டாள்: "அப்பா, ஒரே நாள்ல போயிட்டு வர எந்த பீச் பெஸ்ட்?"

"அலிபாக். ஆனா அங்கேருந்து இருட்டுனப்புறம்தான் கிளம்பணும்" என்றேன்.

எண்பத்திரண்டில், கல்யாணமான புதிதில், அப்போது குடியிருந்த புனே கேம்ப் பகுதியிலிருந்து நானும் என் மனைவியும் அங்கேதான் போனோம். இருவருமே தூத்துக்குடி. எங்களுக்குக் கடலில் சூரியன் உதிப்பதுதான் தெரியும். சாயங்காலக் கடலில் பார்க்க என்ன இருக்கிறது? ஊர் திரும்பும் நாலு மணி பஸ்ஸில் ஏறி உட்கார்ந்துவிட்டோம்.

டிக்கெட் கிழித்த கண்டக்டர் இந்தியில் கேட்டார்: "சூரியன் கடல்ல இறங்குறதப் பார்க்காமலா போறீங்க?"

அதற்குள் பஸ் ஊரைத் தாண்டியிருந்தது. இவள் என் தோளில் சாய்ந்து வழியெல்லாம் சிரித்தாள். "இன்னொரு நாள் வருவோம்ங்க."

அந்த இன்னொரு நாள் இந்த ஞாயிறுதான். மகளோடு நாங்களும் போகிறோம்.

திரும்பும் பஸ் எத்தனை மணிக்கு என்று மட்டும் யாரும் கேட்காதீர்கள்.