போணிக்கு முன் வந்த ஃபோன்

சென்னை காசிமேட்டில் காலையில் யாரிடமும் காசு கேட்கக் கூடாது. கடன் மட்டுமல்ல, நம்முடைய மிச்சக் காசைத் திருப்பிக் கேட்டாலும் ஆகாது. அன்றைய முதல் வியாபாரம் நடந்து, அந்த நோட்டைக் கண்ணில் ஒற்றிக்கொள்ளும்வரை வியாபாரியின் கையிலிருந்து ஒரு ரூபாய்கூட வெளியே போகாது. அந்த முதல் வியாபாரத்தைப் போணி என்பார்கள். இங்கே வந்த புதிதில், மீன் விற்கும் கன்னியம்மா அக்காவிடம் விடிகாலையில் ஐந்நூறு ரூபாய் நோட்டை நீட்டிச் சில்லறை கேட்டேன். "காத்தாலயே கைய நீட்டினு வன்ட்டான் பாரு!" என்று அவர் போட்ட சத்தத்தில் பக்கத்துக் கூடையிலிருந்த நண்டுகள்கூட ஓரடி பின்வாங்கின. யாழ்ப்பாணத்துப் பருத்தித்துறையில் என் அம்மா விடியவே சந்தைக்குப் போய், நேற்றைய மிச்சக் காசையும் வாங்கி, கொசுறாக இரண்டு சூடை மீனையும் பிடுங்கிக்கொண்டு வருவார். அவருடைய மகனுக்கு இதெல்லாம் எப்படி விளங்கும்?

அதே கன்னியம்மா அக்காவின் மாடியறையில்தான் பதினோரு வருடமாகக் குடியிருக்கிறேன். படகு எஞ்சின் பட்டறையில் வேலை. என் பெயர் இங்கே யாருக்கும் தேவைப்படவில்லை, "சிலோன்" என்றால் போதும். வந்த காலத்தில் ஃபோன் இணைப்புக் கேட்டுப் போனபோது, கடைக்காரர் என் காகிதங்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, நாறிய மீனைத் தள்ளுவதுபோல் என்னிடமே தள்ளினார். உடன் வந்த அக்கா, "என் பேர்ல குடு" என்றார். அன்றிலிருந்து இணைப்பு அவர் பெயரில் இருக்கிறது. எனக்கு வங்கிக் கணக்கு இல்லாததால் மாதாமாதம் காசை அவர் கையில் கொடுப்பேன், அவர் தன் ஃபோனில் பில்லைக் கட்டிவிடுவார்.

அந்த எண்ணை ஊரில் அம்மா மனப்பாடமாக வைத்திருக்கிறார். கண் மங்கிவிட்டது. பொத்தான்களை விரலால் தடவித் தடவி அந்த ஓர் எண்ணை மட்டும் அழுத்துவார். அதைப் பாடமாக்க அவருக்கு ஒரு மாரிகாலம் முழுவதும் பிடித்தது. இன்னொரு எண்ணைப் பாடமாக்குங்கள் என்று இந்த வயதில் அவரிடம் சொல்ல எனக்கு வாய் வராது.

ஆகவே போன மாதம் ஒரு காலையில், "சார், உங்க ஃபோன் பில் கட்டலை. அரைமணி நேரத்துல நம்பர் கட் ஆயிடும், அப்புறம் திரும்பக் கிடைக்காது" என்று ஒரு குரல் சொன்னபோது என் கால் பட்டறை கிரீஸில் வழுக்கியது. உண்மையைச் சொல்கிறேன், பயம் பாதிதான். மீதிப் பாதியை அந்த "சார்" செய்தது. பதினோரு வருடத்தில் என்னை யாரும் சார் என்றதில்லை. இவ்வளவு மரியாதையான மனிதர் பொய் சொல்வாரா? பத்து ரூபாய் கட்டினால் போதுமாம். லிங்க் அனுப்புவாராம். வழக்கமாக பில் கட்டும் ஃபோனில் அதைத் திறந்தால் மீதியை அவர்களே பார்த்துக்கொள்வார்களாம். எவ்வளவு தாராளம்! அவரை லைனில் வைத்தபடியே மீன் சந்தைக்கு ஓடினேன். தூண்டிலில் மாட்டிய மீன், படகு எந்தப் பக்கம் என்று விசாரித்துக்கொண்டு நீந்துவதைப் போல.

அக்கா அப்போதுதான் பலகையில் மீனை அடுக்கித் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தார். பதற்றம் வந்தால் எனக்கு ஊர்ப் பேச்சு வந்துவிடும்.

"அக்கா, உங்கட ஃபோனைத் தாங்கோ. பத்து ரூபாய் உடனே கட்டவேணும்."

"இன்னாது? இன்னும் போணியே ஆவல. போய் டீ குட்ச்சினு வா."

"நம்பர் போயிடும் அக்கா! அம்மா எடுக்கிற நம்பர்!"

அவர் முகம் மாறியது. ஞாயிற்றுக்கிழமைகளில் அவரும் அம்மாவும், ஒருவர் பேச்சு மற்றவருக்குப் பாதி விளங்காமலே, என் ஃபோனில் நெடுநேரம் பேசுவார்கள். ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு என் ஃபோனை வாங்கி, ஸ்பீக்கரில் போட்டார்.

"இன்னா சார், கட்றேன். ஆனா போணி ஆவாம என் கைலேர்ந்து காசு போவாது."

"மேடம், வெறும் பத்து ரூபா. டைம் இல்ல."

"அப்ப ஒண்ணு பண்ணு. நீயே போணி பண்ணு. காணாங்கத்த மீனு கீது, சும்மா தளதளன்னு. நூறு ரூபா அனுப்பு, ஒடனே உன் பத்து ரூபாயக் கட்டிர்றேன்."

"மேடம்... நாங்க பணம் அனுப்ப மாட்டோம்."

"ஏம்ப்பா, நான் ஏமாத்திருவேன்னு பயமா? மீனு உன் ஆபீஸுக்கே வரும். அட்ரஸு சொல்லு, ஆட்டோல குட்த்தனுப்புறேன்."

குரல் போய்விட்டது. என் எண் மட்டும் கட் ஆகாமல் அப்படியே இருந்தது.

"அட்ரஸு கேட்டா ஓட்றான்னா திருட்டுப் பய" என்றார் அக்கா. "பில்லு போன வாரமே கட்டிட்டேன்யா. போய்ச் சேரலியோன்னு நானே பயந்துட்டேன்."

"நான் காசே தரேல்லையே அக்கா?"

"ஊருக்கு மருந்து காசு அனுப்பணும்னு பேஜாராயி சுத்தினு இருந்த. அப்றம் வாங்கிக்கலாம்னு வுட்டேன்."

மறுநாள் ஏலத்தில் மீன் எடுக்க அவர் வைத்திருந்த முதல் முழுவதும் அவருடைய ஃபோன் கணக்கில்தான் இருந்தது, லிங்கைத் திறந்திருந்தால் அத்தனையும் போயிருக்கும் என்று பிறகு தெரிந்தது. நான் ஓடிவந்தது பத்து ரூபாய்க்கு அல்ல, எனக்குத் தன் பெயரைக் கொடுத்தவரின் கடையையே தூக்கிக் கொடுக்க. நன்றி சொன்னால் திட்டுவார். ஆகவே பேசாமல் நூறு ரூபாயை நீட்டினேன். "நீயா போணி? இன்னிக்குப் பூரா ஈ ஓட்ட வேண்டியதுதான்" என்று சொல்லிக்கொண்டே வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, ஒரு மீன் கூடுதலாகப் போட்டார். என்னைப்போல ஊர் மாறி வந்தவர்களுக்கு ஒரு வார்த்தை: மரியாதைக்கு ஏங்காதீர்கள், அது லிங்கில் வரும். அன்பு வருவதென்றால் திட்டிக்கொண்டே வரும்.

அந்த ஞாயிற்றுக்கிழமை, அக்காவின் பலகையருகே நிற்கும்போது அம்மாவின் அழைப்பு வந்தது. என்னையறியாமல் காசிமேட்டுப் பேச்சில், "இன்னாம்மா, எப்டி கீற?" என்றுவிட்டேன். அம்மா உஷாராகிவிட்டார்.

"ஆர் கதைக்கிறது? கள்ளர் ஃபோனிலை வருகினமெண்டு ரேடியோவிலை சொன்னவை. என்ரை மகனெண்டால் சொல்லும் பாப்பம், எங்கட கிணத்தடியிலை என்ன மரம் நிக்குது?"

"கமுகு அம்மா. ரெண்டு நிண்டது, ஒண்டு புயலுக்கு முறிஞ்சுபோச்சு."

"அப்ப நீதான். நீதானே?"

செதிள் சுரண்டிக்கொண்டிருந்த அக்கா நிமிர்ந்து என்னைப் பார்த்தார். "இன்னா சிலோன், இப்ப எங்க பாஷைல பேசினது யாரு? நீயா?"

இருவருக்கும் ஒரே மூச்சில் பதில் சொன்னேன். அக்காவைப் பார்த்து ஊர்ப் பேச்சில் "ஓம்" என்றேன், அம்மாவிடம் "ஆமா" என்றேன்.