பாலத்தின் கோடியில் அப்பா

சிங்கப்பூரின் மார்சிலிங்கில் எங்கள் அடுக்குமாடி புளோக்கின் கீழ்த்தளச் சுவரில் ஓர் இளைஞர் சாலை ஒன்றை வரைந்துகொண்டிருந்தார். போகப் போகக் குறுகும் சாலை. கோடியில் விரலளவில் ஒரு மனிதர். பெயிண்ட் வாசனை என்னைத் தொடக்கப்பள்ளி ஓவிய வகுப்புக்குக் கொண்டுபோனது.

தூரத்தில் இருப்பதைச் சின்னதாக வரைய வேண்டும் என்று அன்றுதான் கற்றேன். வீட்டுக்கு வந்ததும், சிங்கப்பூரையும் மலேசியாவையும் இணைக்கும் ஜொகூர் பாலத்தை வரைந்தேன். தினமும் பாலம் தாண்டி வேலைக்குப் போகும் அப்பாவை, அதன் கோடியில் மோட்டார் சைக்கிளில் எறும்பளவில் வைத்தேன். ஹெல்மட்டும் முதுகும்தான் தெரிந்தன.

அப்பா காலையில் 'போறேன்' என்றால் அம்மா விடமாட்டார். 'போயிட்டு வரேன்' என்று சொல்லவைத்துத்தான் அனுப்புவார். படத்தைப் பார்த்ததும் அவர் முகம் மாறியது.

"என்னடி இது, அப்பா போய்க்கிட்டே இருக்காரு? திருப்பிப் போடு."

மறுபடி வரையச் சோம்பல். ஹெல்மட்டின் பின்புறத்திலேயே இரண்டு கண்ணும் ஒரு மீசையும் வைத்தேன். அப்பா வரத் தொடங்கிவிட்டார். அம்மா சமாதானமாகிப் படத்தை ஃபிரிட்ஜில் ஒட்டினார்.

"இன்னும் இவ்ளோ தூரத்துலயா இருக்கேன்?" என்று சாயங்காலம் அப்பா சிரித்தார்.

அவர் இறந்த பிறகும் அம்மா அதை எடுக்கவில்லை.

சுவரில் இருந்த மனிதரைக் காட்டி, "தம்பி, இவர் போறாரா, வர்றாரா?" என்று கேட்டேன்.

"இன்னும் மூஞ்சி போடலக்கா."

"போட்டுருங்க," என்றேன்.